அறுவைச் சிகிச்சையின்றி முதுகுத்தண்டு அழுத்தத்தைக் குறைக்கும் இயந்திரச் சிகிச்சை: கீழ் முதுகு வலிக்கு உண்மையில் எவ்வளவு பயன்?

புதுடெல்லி: "கத்தியில்லை, ரத்தமில்லை, மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை, இருபது அமர்வுகளில் ஜவ்வு விலகலுக்குத் தீர்வு" என்ற பாணியிலான விளம்பரங்களை நாட்டின் பெருநகரங்களில் முதுகுவலியால் அவதிப்படும் எவரும் ஒருமுறையேனும் கடந்து வந்திருக்கக்கூடும். அவற்றில் குறிப்பிடப்படும் சிகிச்சைக்கு 'ஸ்பைனல் டிகம்ப்ரஷன்' என்று பெயர். முதுகுத்தண்டின் மீதான அழுத்தத்தை இயந்திரத்தின் உதவியுடன் குறைப்பது என்பது இதன் பொருள். அறுவைச் சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சும் நோயாளிக்கு இது பெரும் ஆறுதலாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால், இச்சிகிச்சை குறித்த மருத்துவ ஆய்வுகளும் விளம்பரங்களும் ஒரே செய்தியைக் கூறவில்லை.

கீழ் முதுகு வலி சிறிய பிரச்சினை அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 61.9 கோடிப் பேர் இவ்வலியால் பாதிக்கப்பட்டிருந்தனர். 2050-ஆம் ஆண்டுக்குள் இந்த எண்ணிக்கை 84.3 கோடியாக உயரக்கூடும். உலக அளவில் மனிதர்களை இயங்கவிடாமல் முடக்கும் காரணங்களில் முதலிடம் இதற்கே. இவர்களில் சுமார் 90 சதவீதத்தினரின் வலிக்கு எலும்பு முறிவு, கட்டி, தொற்று போன்ற திட்டவட்டமான ஒற்றைக் காரணத்தைச் சுட்டிக்காட்ட இயலாது. இத்தனை பெரிய கூட்டத்துக்கு, காரணம் தெரியாத வலிக்கு, தெளிவான ஒரு விளக்கத்தையும் அதற்கேற்ற இயந்திரத்தையும் முன்வைக்கும் சிகிச்சைக்குச் சந்தை கிடைப்பது இயல்பே.

ஜவ்வுக்குள் நடப்பது என்ன?

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல அமைந்திருக்கும் வட்டுகளையே மருத்துவர்கள் 'டிஸ்க்' என்றும், பொதுமக்கள் 'ஜவ்வு' என்றும் குறிப்பிடுகின்றனர். மனித உடலில் இத்தகைய 23 வட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றின் மையத்திலும் நீர்ச்சத்து மிகுந்த கூழ் போன்ற பகுதியும், அதைச் சுற்றி அடுக்கடுக்கான நார்களாலான உறுதியான வளையமும் இருக்கின்றன. வளையம் நலிவடையும்போது கூழ்ப்பகுதி வெளிப்புறமாகப் புடைக்கலாம். சில வேளைகளில் வளையத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறலாம். அவ்வாறு வெளியேறிய பகுதி அருகிலுள்ள நரம்பு வேரை அழுத்தினால், இடுப்பில் தொடங்கிப் பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை இழுக்கும் 'சயாட்டிகா' வலி உண்டாகிறது. உடலின் எடை பெருமளவு இறங்கும் இடுப்பின் கடைசி இரண்டு வட்டுகளிலேயே இப்பாதிப்பு அதிகம் ஏற்படுகிறது.

வட்டுக்குள் நிலவும் அழுத்தம் உடலின் நிலைக்கேற்ப மாறுகிறது. ஸ்வீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் இதனை நேரடியாக அளந்து காட்டினார். 1999-இல் ஜெர்மனியில் தன்னார்வலர் ஒருவரின் வட்டுக்குள் உணர்கருவியைப் பொருத்திச் செய்யப்பட்ட அளவீட்டில், படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கலாக இருந்த அழுத்தம், நிற்கும்போது 0.5 ஆகவும், முதுகை வளைத்து 20 கிலோ எடையைத் தூக்கும்போது 2.3 ஆகவும் உயர்ந்தது. காரின் டயரில் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.2 மெகாபாஸ்கல்தான் என்பதுடன் ஒப்பிட்டால், குனிந்து குடத்தைத் தூக்கும் ஒரு நொடியில் முதுகு எதனைத் தாங்குகிறது என்பது புலப்படும்.

வளர்ந்தவர்களின் வட்டுகளுக்கு நேரடி ரத்த ஓட்டம் ஏறக்குறைய இல்லை. அவற்றுக்குத் தேவையான நீரும் ஊட்டச்சத்தும் சுற்றியுள்ள திசுக்களிலிருந்து மெல்லக் கசிந்தே சேர்கின்றன. பகல் முழுவதும் நிமிர்ந்திருக்கும்போது நீரை இழந்து சற்றே சுருங்கும் வட்டுகள், இரவில் படுத்திருக்கும்போது நீரை மீண்டும் ஈர்த்துக்கொள்கின்றன. காலையில் அளக்கும் உயரத்தைவிட மாலையில் ஒருவரின் உயரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

இயந்திரத்தின் வாதம்

அழுத்தக்குறைப்புச் சிகிச்சையின் அடிப்படை வாதம் இந்த உடலியலிலிருந்துதான் பிறக்கிறது. முதுகெலும்புகளை மெல்ல இழுத்துப் பிரித்தால் வட்டுக்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் புடைத்த பகுதி உள்ளே இழுக்கப்படும். நீரும் ஊட்டச்சத்தும் உட்புகுந்து வட்டு தன்னைச் சீரமைத்துக்கொள்ளும் என்று கூறப்படுகிறது.

நோயாளி இரண்டு பகுதிகளாகப் பிரிந்து நகரக்கூடிய ஒரு படுக்கையில் படுக்க வைக்கப்படுகிறார். மார்பைச் சுற்றி ஒரு பட்டையும், இடுப்பைச் சுற்றி மற்றொரு பட்டையும் கட்டப்படுகின்றன. கணினி கட்டுப்படுத்தும் மோட்டார், இடுப்புப் பட்டையைக் கால் பக்கமாக இழுக்கிறது. சில நொடிகள் இழுத்துப் பிடித்து, பின் தளர்த்தி, மீண்டும் இழுக்கும் சுழற்சி ஏறத்தாழ அரை மணி நேரம் தொடர்கிறது. இழுவிசை படிப்படியாக உயர்த்தப்பட்டு, பல நேர்வுகளில் உடல் எடையின் பாதி அளவுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. இவ்வாறு நான்கு முதல் ஏழு வாரங்களில் 15 முதல் 28 அமர்வுகள் வரை பரிந்துரைக்கப்படுவது வழக்கம். அமர்வின்போது பெரும்பாலானோருக்கு வலி தெரிவதில்லை. சிலர் உறங்கிவிடுவதும் உண்டு.

இழுத்து நீட்டி முதுகைச் சரிசெய்யும் எண்ணம் புதிதன்று. பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே, நோயாளியைப் பலகையில் கிடத்தி உருளைகளால் இழுக்கும் முறை விவரிக்கப்பட்டுள்ளது. நம் நாட்டு மருத்துவமனைகளிலும் கட்டிலின் கால்மாட்டில் எடைகளைத் தொங்கவிட்டு நோயாளியை வாரக்கணக்கில் படுக்க வைத்த 'டிராக்ஷன்' எனும் இழுவைச் சிகிச்சையை மூத்த தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். புதிய இயந்திரங்களைத் தயாரிப்போர், தங்களுடையது அந்தப் பழைய இழுவை அன்று என்கின்றனர். தொடர்ந்து இழுத்தால் முதுகுத் தசைகள் இறுகி எதிர்க்கும் என்றும், கணினி அந்த எதிர்ப்பை உணர்ந்து விசையை மாற்றுவதால் தசை ஏமாற்றப்படுகிறது என்றும் அவர்கள் விளக்குகின்றனர்.

இவ்வகை இயந்திரங்களின் முன்னோடி, கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில் சுகாதாரத் துறைத் துணை அமைச்சராகப் பணியாற்றிய ஆலன் டயர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'வாக்ஸ்-டி' ஆகும். அவ்வியந்திரத்தில் படுத்த ஐந்து நோயாளிகளின் வட்டுக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அளந்தபோது, அழுத்தம் சுழியத்துக்குக் கீழே, எதிர்மறை நிலைக்குச் சென்றதாக 1994-இல் நரம்பியல் அறுவைச் சிகிச்சை இதழ் ஒன்றில் அறிக்கை வெளியானது. இன்றுவரை விளம்பரங்களில் இடம்பெறும் 'எதிர்மறை அழுத்தம்' என்ற சொற்றொடரின் வேர் இந்த ஐந்து பேரிடம்தான் இருக்கிறது. அழுத்தம் குறைந்ததை அந்த ஆய்வு காட்டியது. ஆனால் வலி நீங்குமா, நீங்கினால் எத்தனை காலம் நிலைக்கும் என்பவை வேறு கேள்விகள்.

விண்வெளி ஆய்வுடன் இச்சிகிச்சையைத் தொடர்புபடுத்தும் விளம்பரங்களும் உண்டு. எடையற்ற நிலையில் விண்வெளி வீரர்களின் முதுகுத்தண்டு நீள்வது உண்மையே. ஆனால் அங்கே அவர்களில் பலருக்கு முதுகுவலி ஏற்படுகிறது என்பதும், பூமிக்குத் திரும்பிய பின் வட்டு பிதுங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்ததாக 2010-இல் அமெரிக்க வீரர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று கண்டறிந்தது என்பதும் அவ்விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை. சுமையை நீக்கி வட்டை நீளவிடுவது மட்டுமே நலம் தரும் என்ற எளிய கணக்குக்கு இது பொருந்தி வரவில்லை.

பொய்யாக இழுத்தபோதும் குறைந்த வலி

இச்சிகிச்சைக்கு ஆதரவாகக் காட்டப்படும் ஆய்வுகள் இல்லாமல் இல்லை. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு வாரச் சிகிச்சை பெற்ற 30 பேரின் சராசரி வலி, பத்துக்கு 6.2 என்ற அளவிலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. வட்டின் உயரம் 7.5 மில்லிமீட்டரிலிருந்து 8.8 ஆக உயர்ந்தது. கவரும் எண்கள்தான். ஆயினும் சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு எதுவும் அந்த ஆய்வில் இல்லை. 2001-இல் 44 பேரைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வில் இயந்திரச் சிகிச்சை 68.4 சதவீதத்தினருக்கு வெற்றி அளித்ததாகவும், மின்தூண்டல் சிகிச்சை பெற்ற மறு குழுவில் ஒருவருக்குக்கூடப் பயன் கிடைக்கவில்லை என்றும் கூறப்பட்டது. எந்தச் சிகிச்சையும் செய்யாவிட்டாலும் சிலருக்கேனும் குறைய வேண்டிய வலி, அங்கே ஒருவருக்கும் குறையவில்லை என்பதே அந்த முடிவின் மீது ஐயத்தை எழுப்புகிறது.

இந்த ஐயத்துக்கு விடை தேடும் வகையில் அமைந்தது 2009-இல் ஐரோப்பிய முதுகுத்தண்டு இதழில் வெளியான நெதர்லாந்து ஆய்வு. நாட்பட்ட கீழ் முதுகு வலி கொண்ட 60 நோயாளிகள் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவினரும் ஒரே இயந்திரத்தில் படுத்தனர். ஒரே பட்டைகள் கட்டப்பட்டன. மோட்டார் ஒரே போல ஒலித்தது. ஆனால் ஒரு குழுவுக்கு உடல் எடையின் பாதிக்கும் மேலான விசை தரப்பட்டது. மறு குழுவுக்கோ பெயரளவுக்கு மட்டுமே, ஐந்து கிலோவுக்கும் குறைவான இழுப்பு. தாங்கள் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது நோயாளிகளுக்குத் தெரியாது.

14 வாரங்கள் கழித்து நூறு புள்ளி அளவில் கணக்கிட்டபோது, உண்மையான இழுவை பெற்றோரின் வலி 61-இலிருந்து 32 ஆகக் குறைந்திருந்தது. பெயரளவு இழுவை பெற்றவர்களின் வலி 53-இலிருந்து 36 ஆகக் குறைந்திருந்தது. இரண்டுக்கும் இடையே புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். இருவரும் நலமடைந்தனர், ஆனால் நலமடைந்ததற்கு இழுவை காரணம் என்று சொல்ல இயலவில்லை. வாரந்தோறும் சிகிச்சை நிலையத்துக்குச் செல்வது, அங்கே கிடைக்கும் கவனிப்பு, ஓய்வு, நம்பிக்கை, அவற்றோடு காலம் கடத்தல் ஆகியவையும் வலியைக் குறைக்கின்றன. இயந்திரத்தில் படுத்து நலமடைந்த நோயாளி பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருளன்று. அவரது வலி உண்மையாகவே குறைந்துள்ளது. எதனால் குறைந்தது என்பதில்தான் தகராறு.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2013-இல் 2,762 பேர் பங்கேற்ற 32 ஆய்வுகளை ஆராய்ந்தது. இழுவைச் சிகிச்சை தனியாக அளிக்கப்பட்டாலும் பிற சிகிச்சைகளுடன் சேர்த்து அளிக்கப்பட்டாலும், வலி, இயக்கம், வேலைக்குத் திரும்புதல் ஆகியவற்றில் சிறிதளவே விளைவு அல்லது விளைவே இல்லை என்பது அதன் முடிவு. பிரிட்டனின் தேசிய சுகாதார நெறிமுறை நிறுவனம் 2016-இல், சயாட்டிகா இருந்தாலும் இல்லாவிட்டாலும், கீழ் முதுகு வலிக்கு இழுவைச் சிகிச்சை அளிக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட கீழ் முதுகு வலிக்கென முதன்முறையாக வெளியிட்ட வழிகாட்டுதலிலும், இடுப்புப் பட்டைகள், ஓபியாய்டு வகை வலி மாத்திரைகள் ஆகியவற்றுடன் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாக அளிக்கக்கூடாதவற்றின் பட்டியலில் இடம்பெற்றது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பாகிஸ்தானின் லாகூர் நகரில் நரம்பு வேர் பாதிப்பு கொண்ட 60 பேரிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், வழக்கமான இயன்முறை சிகிச்சையுடன் இயந்திர அழுத்தக்குறைப்பையும் சேர்த்துப் பெற்றவர்கள் நான்கு வாரங்களில் கூடுதல் முன்னேற்றம் கண்டனர். ஆயினும் இது சிறிய, குறுகிய காலத்து ஆய்வே. குறிப்பிட்ட வகை நோயாளிகளுக்கு இச்சிகிச்சை துணைபுரியக்கூடும் என்ற வாதத்துக்கு இடமிருக்கிறது. எல்லோருக்குமான தீர்வு என்ற வாதத்துக்கு இல்லை.

தானாகச் சுருங்கும் ஜவ்வு

நோயாளிகளிடம் போதிய அளவில் எடுத்துச் சொல்லப்படாத ஒரு செய்தி உண்டு. பிதுங்கிய வட்டு பல நேர்வுகளில் தானாகவே சுருங்குகிறது. வெளியேறிய பகுதியை அந்நியப் பொருளாகக் கருதி உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் சிறிது சிறிதாக அகற்றிவிடுகின்றன. 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, முற்றிலும் துண்டித்து வெளியேறிய வட்டுத் துணுக்குகளில் 96 சதவீதமும், வளையத்தைக் கிழித்து வெளிவந்தவற்றில் 70 சதவீதமும் அறுவைச் சிகிச்சையின்றிச் சுருங்கின. வெறுமனே புடைத்திருந்தவற்றில் 13 சதவீதம் மட்டுமே சுருங்கின. ஸ்கேன் படத்தில் பார்க்க எது மிக மோசமாகத் தோன்றுகிறதோ, அதுவே பெரும்பாலும் தானாகக் கரைகிறது என்பது விந்தைதான்.

இதற்கு நேர்மாறான மற்றொரு செய்தியும் உண்டு. முதுகில் வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் வட்டுப் புடைப்பு காணப்பட்டது. தலை நரைப்பது போலவே இதுவும் வயதின் அடையாளம். எம்ஆர்ஐ அறிக்கையில் 'டிஸ்க் பல்ஜ்' என்ற சொல்லைப் பார்த்ததும் கலங்கிப் போகும் ஒருவருக்கு, அந்தப் புடைப்புதான் வலிக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல, அறிக்கை மட்டும் போதாது. வலி இருக்கும் இடம், காலில் உணர்ச்சி, தசை வலு ஆகியவற்றை மருத்துவர் நேரில் சோதித்து, படத்துடன் பொருத்திப் பார்க்க வேண்டும்.

பெயரிலுள்ள குழப்பமும் கவனத்துக்குரியது. அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் 'டிகம்ப்ரஷன்' என்று குறிப்பிடுவது, நரம்பை அழுத்தும் எலும்பையோ வட்டுத் துணுக்கையோ வெட்டி அகற்றுவதை. இயந்திரம் எதையும் அகற்றுவதில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாக நோயாளி எண்ணிவிடுகிறார்.

யாருக்கு ஆகாது?

கர்ப்பிணிகள், எலும்புத் தேய்மானம் முற்றியவர்கள், முதுகெலும்பு முறிவு, கட்டி அல்லது தொற்று உள்ளவர்கள், வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் கொண்டவர்கள், முதுகுத்தண்டில் உலோகத் திருகுகள் பொருத்தப்பட்டவர்கள் ஆகியோருக்கு இச்சிகிச்சை அளிக்கப்படுவதில்லை. மற்றவர்களுக்குப் பொதுவாகப் பெரிய தீங்கு நேர்வதில்லை; தசைப்பிடிப்பும் தற்காலிக வலி அதிகரிப்புமே பெரிதும் காணப்படுபவை. எனினும், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே வட்டுப் பிதுக்கம் திடீரெனப் பெரிதாகி அவசர அறுவைச் சிகிச்சை தேவைப்பட்ட ஒரு நிகழ்வை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவ இதழ் 2003-இல் பதிவு செய்துள்ளது.

'அமெரிக்க எஃப்டிஏ அங்கீகாரம் பெற்றது' என்ற வாசகத்தையும் அளந்தே படிக்க வேண்டும். இவ்வியந்திரங்கள் பெரும்பாலும், ஏற்கெனவே சந்தையிலுள்ள மோட்டார் இழுவைக் கருவிகளுக்கு நிகரானவை என்ற அடிப்படையில் விற்பனை அனுமதி பெற்றவை. நோயைக் குணப்படுத்துவதாக நிரூபிக்கப்பட்டதற்கான சான்று அதுவன்று. தவிர, பழைய இழுவைக் கருவியிலிருந்து முற்றிலும் வேறானது என்று விளம்பரத்தில் சொல்லப்படும் இயந்திரம், அனுமதிக்காக அதே கருவிக்கு நிகரானது என்று விண்ணப்பிக்கிறது. அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், வாக்ஸ்-டி சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. இந்தியாவில் மருத்துவக் கருவிகள் அனைத்தும் 2020 ஏப்ரல் முதல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. அந்த உரிமமும் கருவியின் பாதுகாப்பு, தரம் தொடர்பானதே தவிர, சிகிச்சை நிலையம் தரும் வாக்குறுதிகளுக்கான உத்தரவாதம் அன்று.

செலவு நோயாளியின் கையிலிருந்தே செல்கிறது. பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் 24 மணி நேர மருத்துவமனை அனுமதி இல்லாத புறநோயாளிச் சிகிச்சைகளை ஏற்பதில்லை. அமர்வுகள் பலவற்றையும் சேர்த்து முன்கூட்டியே முழுத் தொகையும் கேட்கப்படும்போது, மூன்று நான்கு அமர்வுகளுக்குப் பின் பயன் இல்லையெனில் மீதித் தொகை திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் பெறுவது நல்லது. பணம் செலுத்திப் பெறும் மருத்துவச் சேவைகள் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துள்ளது. தவறான விளம்பரங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வகை செய்கிறது.

அப்படியெனில் எது பயன் தரும் என்ற கேள்வி எழுகிறது. விடை சற்றே ஏமாற்றமளிக்கும் அளவுக்கு எளிமையானது. படுத்துக் கிடக்காமல் இயன்றவரை நடமாடுவது, இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில் முறையான உடற்பயிற்சி, தேவைப்பட்டால் குறுகிய காலத்துக்கு வலி நிவாரணி ஆகியவையே சர்வதேச நெறிமுறைகளின் பரிந்துரைகள். ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்தப்பட்டு 2024-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு முதுகுவலி மீண்டும் வர இடைநிலைக் கணக்கில் 208 நாட்கள் ஆயின. மற்றவர்களுக்கு 112 நாட்களிலேயே வந்தது. நடப்பதற்கு இயந்திரமும் தேவையில்லை, தொகுப்புக் கட்டணமும் இல்லை. அதனாலேயே அதை விளம்பரப்படுத்த ஆளும் இல்லை.

காலில் கடும் வலி ஆறு முதல் எட்டு வாரங்களைக் கடந்தும் குறையாதவர்களுக்கு அறுவைச் சிகிச்சை விரைவான நிவாரணம் தரலாம். அதற்காக அஞ்சி ஓடத் தேவையில்லை, அவசரப்படவும் தேவையில்லை. அமெரிக்காவில் 13 மருத்துவ மையங்களில் 501 நோயாளிகளிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், அறுவைச் சிகிச்சைக் குழுவில் இடம்பெற்றவர்களும் மற்றவர்களும் இரண்டு ஆண்டுகளில் கணிசமான முன்னேற்றம் கண்டிருந்தனர்.

காத்திருக்கக் கூடாத நிலையும் ஒன்று உண்டு. முதுகுவலியுடன் சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது அடக்க இயலாமை, மலக் கட்டுப்பாடு இழப்பு, பிறப்புறுப்பையும் உள்தொடையையும் சுற்றி மரத்துப்போதல், கால்களில் வலு வேகமாகக் குறைதல் ஆகியவை தோன்றினால், தண்டுவடத்தின் கீழ் முனையிலுள்ள குதிரைவால் நரம்புத் தொகுதி நசுங்குவதாகக் கருத வேண்டும். காய்ச்சல், காரணமற்ற எடை இழப்பு, முன்பு புற்றுநோய் இருந்தமை ஆகியவற்றுடன் வரும் முதுகுவலியையும் தாமதமின்றிப் பரிசோதிக்க வேண்டும். நரம்புத் தொகுதி நசுங்கும் நிலையில் எந்த இழுவை இயந்திரத்திலும் படுக்கக் கூடாது. நேராக அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே செல்ல வேண்டும். அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் அழுத்தம் நீக்கப்படாவிட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு முழுமையாகத் திரும்பும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது.